லைனில் நகர்ந்த குடம்

ஆங்கிலத்தில் 'லைன்' மாதிரி எதற்கும் வளைந்துகொடுக்கிற சொல்லை நான் பார்த்ததில்லை. ஹார்பர் ரோட்டில் உப்பு லாரிகள் நிற்பது லைன். நான் வேலை பார்ப்பது ஷிப்பிங் லைன். பையன்கள் பெண்பிள்ளைகள் பின்னால் சுற்றினால் லைன் விடுகிறார்கள். மேலதிகாரி போனில் கூப்பிட்டால் சில நாள் எங்களுக்கு லைன் சரியாகக் கேட்காது. நான் குடியிருந்ததும் லைன் வீடுதான். ஒட்டி ஒட்டி ஐந்து வீடு, வாசலில் ஒரே குழாய்.

குழாயடியில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் வரும் முன்பே வேலைக்குக் கிளம்புகிறவள் தன் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போகலாம். பக்கத்து வீட்டுக்காரி அதை நகர்த்தி, நிரப்பி, வாசலில் வைத்துவிடுவாள். என் குடத்தை நகர்த்தியவள் கடைசி வீட்டு அக்கா. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்.

"ஏளா, கொடத்த வச்சிட்டு நீ போ, நான் பாத்துக்கிடுதேன்" என்பாள். நானும் நிம்மதியாகப் பஸ் ஏறுவேன்.

போன வருடம் வீட்டுக்காரர் எல்லாரையும் காலி செய்யச் சொன்னார். இடித்துவிட்டுக் குடோன் கட்டப்போகிறாராம். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதப்போகிற மகளை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்? ஐந்து வீட்டுப் பெண்களும் தெருமுனையில் சிலுவை நிற்கிற குருசடியில் கூடினோம். பரீட்சை முடியும்வரை யாரும் காலி செய்வதில்லை, யாரும் தனியாகப் போய்ப் பேசுவதில்லை என்று முடிவானது. அதற்குச் சத்தியமாக மெழுகுவர்த்தி ஏற்றியதே அக்காதான்.

"ஒருத்தரும் லைன விட்டு வெலகப்பிடாது, சொல்லிட்டேன்" என்றாள்.

ஒரு மாலை வேலை முடிந்து வந்தால் கடைசி வீட்டில் பூட்டு. ஜன்னலில் திரைகூட இல்லை. வீட்டுக்காரர் தன்னுடைய இன்னொரு வீட்டின் மாடியை அவளுக்குக் கொடுத்துவிட்டார் என்றும், மத்தியானமே வண்டி வந்து சாமான்களை ஏற்றிப் போய்விட்டது என்றும் மற்ற வீட்டுப் பெண்கள் சொன்னார்கள். போன் செய்தேன், எடுக்கவில்லை. அந்த வீட்டை இடித்தால் என் வீட்டுக்குச் சுவர் ஏது? அவளுக்குத் தெரியாதா? காலையில்கூடச் சிரித்த முகமாகத்தான் என்னை அனுப்பிவைத்தாள். நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாள்.

என் வீட்டுப் பூட்டைத் திறக்கப் போனேன். என் வாசலில் குடம். நிரப்பி, தட்டுப் போட்டு மூடியிருந்தது. காலி செய்கிற அவசரத்திலும் நகர்த்தியிருக்கிறாள்.

சாக்கடையில் கொட்டத்தான் அதைத் தூக்கினேன். அடுத்த தண்ணீர் எப்போது வருமென்று தெரியாது. மகள் டியூஷன் முடிந்து தாகத்தோடு வருவாள். உள்ளே கொண்டுபோய் வைத்தேன். நானும் அதில்தான் குடித்தேன்.