அக்காவுக்குப் புரிந்த கவிதை

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரின் அட்டையில் இருக்கும் படம் அக்காவுக்குப் பிடித்திருக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதில் அவர் முறைத்துக்கொண்டிருக்கிறார். பணி ஓய்வு விழாவில் படம் எடுக்க வந்தவர் "கொஞ்சம் சிரிங்கம்மா" என்று சொல்ல, "நான் எப்பவும் சிரிச்சிக்கினுதான் இருக்கிறேன், நீ சொல்லித்தான் சிரிக்கணுமா?" என்று அக்கா அவரைத் திருப்பிக் கேட்ட நொடியில் எடுத்த படம் அது. மற்ற படங்கள் எல்லாவற்றிலும் அக்கா வாய்விட்டுச் சிரித்து அசைந்துவிட்டதால் முகம் கலங்கலாக விழுந்திருக்கிறது. தெளிவாக அமைந்தது இது ஒன்றுதான். உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரத்தில். எங்கள் அப்பா நைனாவுக்கு ஏரிக்குக் கீழே கொஞ்சம் நெல் நிலமும், மேட்டுப் பக்கம் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை போடும் காடும் இருந்தன. மல்லாட்டை பிடுங்கிக் காய் ஆயும் நாட்களில் அக்காவை எந்தக் கூட்டத்தில் உட்கார வைப்பது என்று நைனாவுக்குப் பெரிய யோசனையாக இருக்கும். அக்கா உட்கார்ந்த கூட்டத்தில் பேச்சும் சிரிப்புமாகப் போகும். ஆனால் பொழுது சாயும்போது பார்த்தால் அந்தக் கூட்டத்தின் குவியல்தான் உயரமாக இருக்கும். "வாயி ஒரு பக்கம் ஓடுது, கையி ஒரு பக்கம் ஓடுது" என்பார் நைனா. அதில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

நான் அக்காவைவிட ஐந்து வயது இளையவன். அவர் செஞ்சிக்கு சைக்கிளில் பள்ளிக்கூடம் போன காலத்தில் பின்னால் உட்கார்ந்து போனவன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பத்தொன்பது வயதில் அனந்தபுரத்தில் மாமாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாமா ராணுவத்தில் இருந்தார். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் இருவரும் செஞ்சிக்கு வந்து ராஜகிரி மலை ஏறுவார்கள். ஒருமுறை கோட்டைக் குரங்குகள் தயிர்சோற்றுப் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓட, எல்லையைக் காக்கிற மாமாவால் ஒரு பையைக் காப்பாற்ற முடியவில்லை என்று அக்கா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். மாமாவும் மறுக்கவில்லை.

மகள் பிறந்து ஒன்பதாவது மாதத்தில், எல்லையில் நடந்த சண்டையில் மாமா இறந்துபோனார். அக்காவுக்கு அப்போது இருபத்து மூன்று வயது.

அன்று நான் வெளியூரில் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். தகவல் கிடைத்து அனந்தபுரம் போய்ச் சேர்ந்தபோது மாமாவின் உடலும் வந்துவிட்டது. அக்கா கண்ணீர் இல்லாமல் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் இருந்த, பக்கத்து வீட்டு உறவுக்காரப் பெண்மணி ஒருவர் என்னைத் தனியே இழுத்துச் சொன்னார்:

"நேத்து சேதி சொல்ல மிலிட்டரிகாரங்க ரெண்டு பேரு வந்தாங்கப்பா. அவங்களுக்கு தோசை சுட்டுப் போட்டு, கெக்கெக்கேன்னு சிரிச்சிக்கினு இருந்தா உங்க அக்கா. இந்தக் கண்ணால பாத்தேன்."

அந்தச் சொல் என்னுள் தங்கிவிட்டது. அக்காவிடம் நான் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஒரே நாளில் தீர்ந்திருக்கும். கேட்காமலேயே ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அக்காவிடமிருந்து கொஞ்சம் தள்ளியே நின்றேன். என் திருமணத்துக்கு முந்தின நாள், "பெண் வீட்டாளுங்க வருவாங்க, கொஞ்சம் அடக்கமா இரு அக்கா" என்று அவரிடமே சொன்னேன். "சரிடா" என்றார். திருமணம் முழுவதும் சமையல் கொட்டகையிலேயே இருந்துவிட்டார். மேடையில் உட்கார்ந்திருந்த எனக்கு அங்கிருந்து சமையல்காரர்களின் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

அக்கா யாருக்காகவும் காத்திருக்கவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு சிங்கவரம் வந்தார். செஞ்சியில் அரசுப் பள்ளி ஒன்றில் அலுவலக உதவியாளர் வேலை கிடைத்தது. மொபெட் ஓட்டக் கற்றுக்கொண்டார். பின்னால் மகளும் முன்னால் ஆட்டுக்குத் தழையுமாகப் போவார். அந்தப் பள்ளியில் மணி அடிப்பது, சுற்றறிக்கை கொண்டுபோவது, மயங்கி விழும் பிள்ளைகளுக்கு டீ வாங்கிக் கொடுப்பது எல்லாம் அவர்தான். பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் அவர் 'அக்கா'. கோட்டைக்குச் சுற்றுலா கூட்டிப் போனால் உடற்கல்வி ஆசிரியருக்கு முன்னால் மலை உச்சியில் நின்று, "சார், தண்ணி வேணுமா?" என்று மேலிருந்து கேட்பார்.

பல ஊர்கள் சுற்றி, தமிழாசிரியராக நான் அதே பள்ளிக்கு மாறுதலாகி வந்தேன். வகுப்புக்கு வரும்போது அக்கா என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுவார். அதைச் சொல்லும்போது அவர் உதட்டோரம் ஒரு குறும்பு இருக்கும்.

ஒரு நாள் மதியம், பிளஸ் ஒன் வகுப்பில் மாதிரித் தேர்வின் விடைத்தாள்களைத் திருத்திக் கொடுத்துவிட்டு, வினாத்தாளை நடத்திக்கொண்டிருந்தேன். பாடநூலுக்கு வெளியேயிருந்து ஒரு கவிதை கொடுத்து, பொருள் எழுதச் சொல்லியிருந்தார்கள். எழுதியவர் பெயர் தாளில் இல்லை. கவிதை இதுதான்:

வாசலில் நின்றவன் செருப்பில் வேற்றூர் மண்.
சொல்ல வந்ததை
நாவின் அடியில் வைத்திருந்தான்.
"களைத்திருக்கிறாய், முதலில் சாப்பிடு" என்றாள்.
இலை விரித்தாள், சோறு வைத்தாள்,
போதும் என்றவனுக்கு மறுபடியும் வைத்தாள்.
போருக்குப் போனவன் எப்படி இருக்கிறான் என்று
அவள் கேட்கவே இல்லை.

"வந்தவன் மரணச் செய்தியோடு வந்திருக்கிறான். கள்ளமற்ற அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கணவன் வென்று திரும்புவான் என்ற நம்பிக்கையில் விருந்தோம்புகிறாள். அவளுடைய அறியாமைதான் இந்தக் கவிதையின் அவலம்" என்று விளக்கினேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள்.

அக்கா சுற்றறிக்கை நோட்டோடு வாசலில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று நான் கவனிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டும் போகவில்லை.

"சார், அந்தம்மா கேக்கவே இல்லன்னு போட்டிருக்குதே, அது ஏன் சார்?"

"அதான் சொன்னேனே. அவங்களுக்கு விஷயம் தெரியாது."

"தெரியாதவதான சார் மொதல்ல கேப்பா? புருஷன் சண்டைக்குப் போயிருக்கிறான். அங்கேருந்து ஒருத்தன் வந்து நிக்கிறான். எப்டி இருக்கிறாருன்னு கேக்காம எவளாவது சோறு போடுவாளா?"

மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "சார், நானும் அவங்களுக்குத் தெரியும்னுதான் எழுதினேன். நீங்க தப்பு போட்டுட்டீங்க" என்றாள். வகுப்பே சிரித்தது. அக்காவும் சிரித்துவிட்டு மணி அடிக்கப் போய்விட்டார்.

பள்ளி விட்டதும் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் அக்கா மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். அன்றுதான் கேட்டேன்.

"அக்கா, அன்னைக்கி உனக்குத் தெரியுமா?"

அக்கா துணியை உதறி மடித்து வைத்தார்.

"பாத்ததுமே தெரிஞ்சிடுச்சிடா. லீவுல வர்ற பசங்க கத்திக்கினே வருவாங்க. இவங்க வாசல்ல தொப்பிய கையில வச்சிக்கினு நிக்கிறாங்க. ரெண்டு பேர்ல பெரியவரு, 'வீட்டுல பெரியவங்க இருக்காங்களாம்மா'ன்னாரு. மாமனாரு சந்தைக்குப் போயிருந்தாரு, அத்தை கழனியில. வர்ற நேரம்தான், உக்காருங்க, சாப்டுங்கன்னேன்."

"சாப்பிட்டாங்களா?"

"பெரியவரு ரெண்டோட எழுந்துட்டாரு. கூட வந்த தம்பிக்கு இருபது வயசு இருந்தா அதிகம். எம் மூஞ்சியப் பாக்க முடியாம தட்டையே பாத்துக்கினு இருக்குது. இன்னொண்ணு வைக்கட்டுமான்னா தலைய ஆட்டுது. வேணாம்னு சொல்லத் தெரியல. ஏழு தோசை. வேர்த்து ஊத்துது அதுக்கு. எட்டாவது ஊத்தலாம்னு பாத்தா சட்டியில மாவு இல்ல. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. பக்கத்து வூட்டுக்காரங்க அதத்தான் பாத்தாங்க."

"ஏன்கா அப்டி ஊத்திக்கினே இருந்த?"

அக்கா சாதாரணமாகச் சொன்னார்:

"அவங்க வாயத் தொறந்தா உங்க மாமா செத்துடுவாரு. மாவு தீர்ற வரைக்கும் இருந்துட்டுப் போவட்டுமேன்னு ஊத்தினேன்."

அக்கா தொடர்ந்தார். மாமனார் வந்தபின் அவர்கள் சொன்னார்களாம். அக்கா மாட்டுக் கொட்டகைக்குப் போய் அழுதாராம். "பசுமாடு ஒண்ணுதான் சாட்சி. அதையும் மறு வருஷமே வித்துட்டாங்க" என்றார்.

"இத்தினி வருஷம் உன்னைத் தப்பா நெனச்சிட்டேன்கா."

"வாத்தியாருல்ல நீ? பேப்பரப் படிக்காமலே மார்க்கு போட்டுட்ட. இன்னைக்கி மறுமதிப்பீடு ஆயிடுச்சு, வுடு. ஏறு வண்டியில, வூட்டுல எறக்கி வுடுறேன்."

ஏறினேன். நாற்பதை நெருங்கும் தமிழாசிரியர் மொபெட்டின் பின்னால் தொங்கிக்கொண்டு போவதைச் செஞ்சிக் கடைத்தெருவே பார்த்தது. அன்று எனக்குக் கூச்சமாக இல்லை.

மறுநாள் அதே வகுப்பில் கவிதையை மறுபடியும் நடத்தினேன். அந்த மாணவியின் விடைத்தாளைத் திருத்தி முழு மதிப்பெண் போட்டேன். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி அக்காவையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் சொன்னார். "தொட்டுக்க இன்னாக்கா?" என்று ஒருவன் கேட்டான். "மல்லாட்டை சட்னி. நல்லா இருந்திச்சு" என்றார். அதற்குப் பிறகு என்னால் எந்தக் கவிதையையும் உரைநூலைப் பார்த்து நடத்த முடிந்ததில்லை. பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்று முதலில் கேட்டுவிடுவேன்.

மகளைப் படிக்க வைத்து, செவிலியராக்கி, திருமணம் செய்து வைத்தார் அக்கா. அந்தத் திருமணத்தில் நான் அவரைச் சமையல் கொட்டகைப் பக்கம் போகவே விடவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து அவர் சிரித்த சிரிப்பில் நாதஸ்வரக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

ஓய்வு பெற்ற மூன்றாம் ஆண்டில் சிறுநீரகக் கோளாறு வந்தது. வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸுக்கு மருத்துவமனை போனார். அந்த வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் இருந்தவர்கள் தங்கள் முறையை அக்கா வரும் நாளுக்கு மாற்றிக் கேட்டார்கள் என்று செவிலியர்கள் எங்களிடம் சொன்னார்கள். கடைசி நாள் காலையில் மகள் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தார். "இறுக்கிப் பின்னாதடி" என்று சொன்ன சிறிது நேரத்தில் அமைதியாகப் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தென்மாவட்டத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். நரைத்த மீசை, நிமிர்ந்த நடை. அன்று தோசை சாப்பிட்ட இளைய வீரர் அவர்தான். ஒவ்வொரு பொங்கலுக்கும் அக்காவுக்குத் தொலைபேசியில் வாழ்த்துச் சொல்வார். அந்த நாளைப் பற்றி மட்டும் இருவரும் பேசிக்கொண்டதே இல்லையாம். நான் அந்தக் கவிதையை அவரிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார்.

"சார், சாவுச் சேதிய வச்சுக்கிட்டே அந்த வீட்டுல ஏழு தோசை தின்னுட்டேன். எப்பேர்ப்பட்ட பாவின்னு இத்தனை வருஷமா எனக்குள்ளேயே வச்சிருக்கேன். என் வீட்டுக்காரிகிட்டகூடச் சொன்னதில்ல."

"அக்காவுக்கு அப்பவே தெரியும். நீங்க சாப்பிடச் சாப்பிட மாமா உயிரோட இருந்தாருன்னு சொன்னாங்க."

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பந்தியில் வந்து உட்கார்ந்தார். நானே பரிமாறினேன். இரண்டாம் முறை சோறு வைக்கப் போனபோது இலைமேல் கையை மறித்து, "இப்ப போதும்னு சொல்லப் பழகிட்டேன் சார்" என்றார். பந்தியில் இருந்தவர்களுக்கு நாங்கள் ஏன் சிரிக்கிறோம் என்று புரியவில்லை.

அவ்வளவு தூரம் பயணம் செய்து வந்த அவருக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவைத் தம் வீட்டுப் பெண்ணாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், மருத்துவமனைக்கு முகம் சுளிக்காமல் ஆட்டோ ஓட்டிய சிங்கவரத்துத் தம்பிக்கும், அக்கா இறந்த அன்று மணியை ஒரு நிமிடம் தாமதமாக அடித்து அஞ்சலி செலுத்திய பள்ளிப் பிள்ளைகளுக்கும், ஆசிரியர்களுக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த அனந்தபுரத்து உறவுகளுக்கும் எங்கள் வணக்கம்.

அனந்தபுரத்திலும் சிங்கவரத்திலும் அந்தப் பழைய பேச்சு இன்னமும் எங்காவது இருக்கலாம். மாமா இறந்த செய்தி வந்த அன்று அக்கா சிரித்தார் என்பது உண்மைதான். யாராவது அதைச் சொல்லக் கேட்டால், ஏன் சிரித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

– தம்பி