பூட்டு சொன்ன "போயிட்டு வரேன்"

மண்ணச்சநல்லூர் போகும் வழியில் இருக்கும் அந்த அரிசி ஆலையில் வால்வுப் பூட்டைப் பூட்டு என்று யாரும் சொல்வதில்லை. காப்பு என்பார்கள். வேணுகோபால் வைத்த பேர் அது. அவர் ஸ்ரீரங்கத்துக்காரர், பெருமாள் சன்னிதிக் கதவைச் சாத்திப் பூட்டுவதைத் திருக்காப்பு என்று கேட்டே வளர்ந்தவர். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. காலையில் கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு, கொள்ளிடம் பாலத்தைச் சைக்கிளில் தாண்டி வந்தால், ஆலையின் நீராவிக் குழாய் அத்தனையும் அவர் பொறுப்பு.

இடது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கிப் பளபளவென்று இருக்கும். பதினோரு வருஷத்துக்கு முன் வேறொரு ஆலையில், தொட்டிக்குள் அவர் இருப்பது தெரியாமல் யாரோ வால்வைத் திறந்ததில் வந்தது. கையோடு போனது ரங்கநாதன் கருணை என்பார். ஆனால் ஒவ்வொரு தடவையும் பெருமாளைச் சிரமப்படுத்துவது முறையில்லை என்று, இங்கே சேர்ந்ததும் முதலாளியைக் கேட்டு ஆறு துளை உள்ள ஓர் இரும்புக் கொக்கி வாங்கிவிட்டார். வால்வை மூடி, அதன் சக்கரத்தில் சங்கிலி சுற்றிக் கொக்கியை மாட்டுவார். வேலை செய்கிற ஒவ்வொருவரும் அதில் தன் பூட்டைத் தானே போட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். கடைசிப் பூட்டு கழலும்வரை கொக்கி வாய் திறக்காது.

அந்த வெள்ளிக்கிழமை, மூன்றாம் தொட்டிக்குள் நெல் அவிக்கிற குழாயில் ஓட்டை. வெல்டர் கலீல் வந்தார். மூன்றாம் தொட்டியின் சின்ன வால்வு கசியும் என்பதால் வேணுகோபால் மெயின் வால்வையே மூடினார். மிச்ச ஆவியை வெளியே விட்டு, மீட்டர் முள் பூஜ்யத்தில் படுத்ததைப் பார்த்தார். அப்புறம் அவர் பூட்டு ஒன்று, கலீல் பூட்டு ஒன்று.

பன்னிரண்டரைக்குக் கலீல் வெளியே வந்து முகம் கழுவினார்.

"ஜும்மாவுக்கு நேரமாச்சு. போயிட்டு வரேண்ணே."

அவர் வண்டி போய் அரைமணி ஆகியிருக்கும். மேனேஜர் முரளிதரன் வேகமாக வந்தார்.

"வேணு, வெல்டிங் முடிஞ்சுதுல்ல? ஆவியை விடுங்க. நாலாம் தொட்டியில ஊறுன நெல்லு நாத்தம் எடுக்குது."

"கலீல் பாய் காப்பு இருக்குதுங்க சார்."

"மறந்துட்டுப் போயிருப்பார். எங்கிட்டயும் போயிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தான் போனார்."

"வரேன்னுதானே சொன்னார்?"

முரளிதரன் சிரித்துவிட்டார். "ரிட்டயர் ஆகிப் போறவங்ககூட போயிட்டு வரேன்னுதான் சொல்றாங்க. மறுநாள் வந்து நிக்கறாங்களா? நம்ம ஊர்ல போறேன்னு யாரு சொல்லுவாங்க?"

"வாய் அப்படித்தான் சொல்லும் சார். பூட்டு சும்மா சொல்லாது. திரும்பி வராதவர்னா அதை எடுத்துட்டுப் போயிருப்பார்."

கலீலுக்குப் போன் போட்டார்கள். பள்ளிவாசலில் அணைத்து வைத்திருந்தார்.

"நெல்லு கெட்டா முதலாளிக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

"சொல்றேங்க."

வேணுகோபால் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு வால்வு பக்கத்திலேயே உட்கார்ந்தார். உதடு நாமத்தை முணுமுணுத்தது. முரளிதரன் பொறுமையிழந்து, இரும்பு அறுக்கிற மெஷினைத் தானே தூக்கி வந்து ஓட விட்டார். வேணுகோபால் இடது கையை எடுத்துப் பூட்டுகளின் மேல் வைத்தார். முரளிதரன் அந்தத் தோலைப் பார்த்தார். மெஷின் நின்றது.

அந்த நிசப்தத்தில் மூன்றாம் தொட்டியின் அடிக்கதவு கிறீச்சிட்டது. துப்புரவு பார்க்கிற இருதயமேரி, கையில் சுரண்டும் தகட்டோடு தவழ்ந்து வெளியே வந்தார். தலையெல்லாம் உமி.

"என்னங்க சார், காதைப் பொளக்குது?"

முரளிதரன் அந்தக் கதவைக் காட்டினார். "உள்ள எப்படிம்மா போனீங்க?"

"ஒட்டுன நெல்லைச் சுரண்டத்தான். ரெண்டு காப்பு தொங்குச்சே! காப்பு தொங்குனா ஆவி வராதுன்னு அண்ணன்தானே சொல்லுவாங்க."

முரளிதரன் மெஷினைக் கீழே வைத்துவிட்டு நெல் மூட்டையில் உட்கார்ந்துவிட்டார். பாதிதான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம் என்று வேணுகோபாலுக்கு உறைத்தது. கலீல் இல்லாத நேரத்தில் மேனேஜர் கலீல் பூட்டைத்தான் பார்த்தார். மேரி உள்ளே இருப்பதைச் சொல்ல அங்கே ஒரு பூட்டும் இல்லை.

"மூணு தொங்கியிருக்கணும் மேரி," என்றார். பெட்டியிலிருந்து புதுப் பூட்டு ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"எனக்கா? பீரோவே இல்லாதவளுக்குப் பூட்டா?" என்று சிரித்த மேரி, சாவியைக் கழுத்துச் செபமாலையில் கோத்துக்கொண்டார்.

இரண்டு மணிக்கு முன்பே கலீல் வந்துவிட்டார். "கீழ் வளைவை வெட்டி வாயைத் தொறந்தில்ல வச்சிருக்கேன். யாரு முடிஞ்சுதுன்னு சொன்னது?" என்றார். முரளிதரனே அவருக்கு டீ வாங்கி வந்தார்.

கலீல் பற்றவைத்து முடித்தபின், மேரி தன் காப்பைப் போட்டுவிட்டு உள்ளே போய்க் கூட்டி அள்ளினார். பிறகு மூன்று பூட்டும் ஒவ்வொன்றாகக் கழன்றன. நாலாம் தொட்டி நெல் கொஞ்சம் வாடையடிக்கத்தான் செய்தது. அதை முதலாளியிடம் தானே சொல்லிக்கொள்வதாக முரளிதரன் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் மேரி கூடையைத் தூக்கிக்கொண்டார்.

"போயிட்டு வரேண்ணே."

வேணுகோபால் திரும்பிக் கொக்கியைப் பார்த்தார். ஆறு துளையும் காலி.

"போயிட்டு வாம்மா," என்றார்.