வைனோ காபி வேண்டாமென்ற நாள்

எல்மா நிஸ்காலா முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். கண்ணாடியில் ஒரு முறை முறைத்தால் போதும், கடைசி சீட்டில் சண்டை போடுகிற வாண்டுகளும் கப்சிப் என்று அடங்கிவிடும். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டால் அவளும் ஊர்க்காரிதான். முன்பின் தெரியாதவரிடம் முகத்துக்கு நேரே ஒரு கடுஞ்சொல் வராது. அந்த ஏரிக்கரை வட்டாரத்தில் எல்லாருமே அப்படித்தான். காலை மிதித்தவனிடம் மிதிபட்டவன் மன்னிப்புக் கேட்பான். என்ன ஜென்மங்களோ!

அவள் புருஷன் வைனோ மரலாரி ஓட்டியவர். இரண்டு குளிர்காலத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அதிலிருந்து சக்கர நாற்காலிதான். ஆனாலும் ஜூலை வந்தால் காட்டு ஏரிக்குப் போய்க் கூடாரம் போட்டாக வேண்டும் அவருக்கு. அங்கே நாலாம் எண் இடம் இருக்கிறதே, அதை நம்பித்தான் எல்மா கிளம்புவாள். தரை கெட்டியாக, சமமாக இருக்கும். மேஜையின் ஒரு முனை நீண்டிருக்கும், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே முட்டி உள்ளே போகும். அங்கிருந்து கழிப்பறைக்கும் மீன்பிடி மேடைக்கும் சிமெண்ட் பாதை. மற்ற இடமெல்லாம் வெறும் மணல்.

இந்த வருஷம் வெள்ளிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தால், நாலாம் எண்ணில் வீடு மாதிரி ஒரு பெரிய வண்டி நிற்கிறது. பந்தல் விரித்தாயிற்று, கம்பளம் போட்டாயிற்று, அடுப்பு எரிகிறது. சக்கர நாற்காலி படம் போட்ட பலகை மேல் ஈரத் துண்டு காய்கிறது. பக்கத்தில் ஐந்தாறு இடம் ஈயடிக்கிறது!

"பெரிய பாலத்துக்கு அந்தப் பக்கத்து வெளியூர் ஆளுங்க," என்றாள் எல்மா, வண்டியின் நம்பர் பிளேட்டில், அந்தப் பக்கத்துக்காரர்கள் ஒட்டுகிற மீன் படத்தைப் பார்த்து. "இரு, நான் போய்ப் பேசிட்டு வரேன்."

"விடு எல்மா. அடுப்பு பத்த வச்சுட்டாங்க. இப்ப போய் எழுப்பறது நல்லாவா இருக்கு?" என்றார் வைனோ.

அவள் போனாள். வண்டிக்காரன் பெயர் கர்ட், மனைவி டார்லா. தங்கமான சிரிப்பு இரண்டு பேருக்கும். அதுதான் கெடுத்தது.

"இந்த இடம்..." என்று ஆரம்பித்தாள்.

"அருமையான இடம் இல்லீங்களா? எங்க வண்டிக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு," என்றான் கர்ட். "யாரு வேணா தங்கலாம்னு பலகையிலயே போட்டிருக்கு."

மற்ற இடமெல்லாம் நிரம்பினால், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், ஒரே ஒரு ராத்திரி. அப்படித்தான் போட்டிருக்கிறது. ஐயா கடைசி வரியை மட்டும் படித்திருக்கிறார். எல்மா அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் டார்லா சுட்ட சோளத்தை ஒரு தட்டில் வைத்து நீட்டிவிட்டாள். கையில் வாங்கியபின் எப்படிச் சண்டை போடுவது? இடத்தைக் கேட்கப் போனவள் சோளத்தோடு திரும்பி வந்தாள். தன்னைத்தானே நாலு அறை அறையலாம் போலிருந்தது அவளுக்கு.

ஒன்பதாம் எண்ணில் மணலில் கூடாரம் போட்டாள். நாற்காலிச் சக்கரம் பாதி புதைந்தது.  அவள் காபி போட்டு, ஏலக்காய் ரொட்டியை அறுத்து வைத்தாள்.

"வேணாம்," என்றார்.

"எது வேணாம்?"

"காபி."

எழுந்ததிலிருந்து படுக்கிற வரை கோப்பையைக் கீழே வைக்காத மனுஷன். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் முதலில் கேட்டது காபிதான், அப்புறம்தான் அவளையே கேட்டார். கோபித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தாள் எல்மா. அப்புறம் பார்த்தால் தண்ணீர் பாட்டில் காலையில் நிரப்பியபடியே இருக்கிறது. உதடு வெடித்திருக்கிறது.

"வைனோ, நீ காலைலேருந்து ஒண்ணுமே குடிக்கலையா?"

அவர் ஏரியைப் பார்த்தார். "வழியில இறங்கி ஏறணுமேன்னு குடிக்கல, இங்க வந்து குடிச்சுக்கலாம்னு இருந்தேன். இப்ப குடிச்சா போகணும். இந்த மணல்ல நீதான் இழுக்கணும். போன மாசம்தான் உன் முதுகு பிடிச்சுது. நாளைக்கு வீட்டுக்குப் போய்க் குடிச்சுக்கிறேன்."

எல்மாவுக்கு வந்ததே ஆத்திரம்! கர்ட் மேலா, வைனோ மேலா, சோளத்தை வாங்கிய தன் கை மேலா, அவளுக்கே தெரியவில்லை. தங்கள் வண்டியிலிருந்து இரண்டு ஒட்டுப்பலகைகளை இழுத்துப்போட்டாள். ஒன்றின் மேல் நாற்காலி, அடுத்தது முன்னால். தள்ளு, பின்னால் உள்ளதை எடு, முன்னால் போடு. வழியெல்லாம் ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"எல்மா, மானத்தை வாங்காத," என்று கெஞ்சினார் வைனோ.

"வாயை மூடிட்டு உக்காரு!"

நாலாம் எண்ணின் மேஜை முனைக்கு அவரை நேராகத் தள்ளிக்கொண்டு போய், காபிக் கெண்டியை நடுவில் வைத்து, தானும் உட்கார்ந்தாள். "காபி குடிக்க வந்திருக்கோம்."

வந்த விருந்தாளியைப் போ என்று சொல்ல டார்லாவாலும் முடியவில்லை. சிரித்துக்கொண்டே கோப்பைகளை எடுத்து வந்தாள். எல்மா ஊற்றப் போனாள். வைனோ கோப்பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். அவர் கண் சிமெண்ட் பாதையைப் பார்த்தது. அதன் குறுக்கே மூன்று சைக்கிள், ஒரு ஐஸ் பெட்டி.

"ஏன் சார், காபி பிடிக்காதா?" என்றான் கர்ட்.

"பிடிக்காதாவா?" எல்மாவின் குரல் பஸ் குரலாகிவிட்டது. "கழிப்பறைக்குப் போக வழியில்லைன்னு காலைலேருந்து இந்த மனுஷன் ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல. வழி இதோ இருக்கு, உங்க சைக்கிளுக்கு அடியில!"

வைனோவின் காது மடல் சிவந்துவிட்டது.  கர்ட் எழுந்து போய் சைக்கிள்களை ஒவ்வொன்றாக எடுத்தான்.

"நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாமே, உடனே மாறியிருப்போம்," என்றாள் டார்லா. நிஜமாகவே கண் கலங்கியிருந்தது அவளுக்கு.

"நாங்க சொல்லணுமா? அந்தப் பலகை எதுக்கும்மா நிக்குது? உங்க துண்டு காயவா?"

டார்லா ஓடிப்போய்த் துண்டை எடுத்தாள். கர்ட் பந்தலைச் சுருட்டினான். பத்தாம் எண்ணில் பைன் மரங்களுக்கு நடுவே அந்தப் பெரிய வண்டியை நுழைக்க அவன் பட்ட பாடு! எல்மா உதவிக்குப் போகவில்லை. போக வேண்டும் என்று கால் துறுதுறுத்தது, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மன்னிச்சுக்கோ தம்பி, உனக்கு ரொம்ப சிரமம் குடுத்துட்டோம்," என்று அவன் முதுகைப் பார்த்துச் சொன்னார் வைனோ.

"நீ எதுக்குய்யா மன்னிப்பு கேக்கற?" எல்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அவர் நல்ல கையால் சக்கரத்தைத் தள்ளி, நல்ல காலால் தரையை உந்தி, சிமெண்ட் பாதையில் கழிப்பறை வரை தானாகவே போனார். அவள் எழவில்லை. போன மாதிரியே தானாகத் திரும்பி வந்து, முட்டியை மேஜைக்கு அடியில் விட்டுக்கொண்டு, கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார்.

எல்மா ஊற்றினாள். பாதிக் கோப்பையில் நிறுத்தினாள்.

"முழுசா ஊத்து," என்றார் வைனோ.