மில் மூடிய வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள்

'எப்போது பார்த்தாலும் மில் கதைதானா? வேறு சரக்கே கிடையாதா?' என்று கோபித்துக்கொண்டு கார்டு போடும் வாசக நண்பர்களுக்கு ஒரு நல்ல செய்தி.

மில்லை மூடிவிட்டார்கள்.

இன்று நேற்றல்ல... ஆவணியிலேயே மூடியாகிவிட்டது. அப்படியானால் இத்தனை வாரமாக ஏன் சொல்லவில்லை? கொசுவைப் பற்றியும், பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்குத் துண்டு போடுவது பற்றியும் எழுதி ஏன் எங்கள் உயிரை வாங்கினாய்? நியாயமான கேள்விதான். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்துக்குப் போன வாரம் திருச்செந்தூரில் கல்யாணம் நல்லபடியாக நடந்து முடிந்தது. காரணத்தின் பெயர் கோமதி. என் மகள்.

எனவே இனி எழுதலாம்.

மூடுவதென்றால் ஒரேயடியாக மூடவில்லை. முதலில் மூன்றாவது ஷிப்டை நிறுத்தினார்கள். பஞ்சு விலை ஏறிவிட்டது என்றார்கள். பிறகு நூல் விற்கவில்லை, குடோனில் இடமே இல்லை என்றார்கள். நடுநடுவே கரண்ட் கட் வேறு. வாரத்தில் பாதி நாள் வேலையில்லை, லே-ஆஃப். தெருவில் கீரை விற்கிறவருக்குக்கூட அந்த வார்த்தை பழகிவிட்டது. "இன்னைக்கு அடுப்புக்கு லே-ஆஃப், பழையதுதான்" என்று என் மனைவி சண்முகத்தாய் சொல்லுவாள். சிரித்துக்கொண்டே சாப்பிட்டிருக்கிறேன்.

ஒருநாள் காலை ஷிப்டுக்குப் போனால் கேட்டில் பூட்டு. பக்கத்தில் நோட்டீஸ். கூட்டமாக நின்று படித்தோம். படிக்கத் தெரியாதவர்கள் படித்தவர்களின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். எனக்குக் கோபம் வந்தது என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மையில் வந்தது பயம். மீசை முளைத்ததிலிருந்து எனக்குத் தெரிந்த ஒரே வேலை அந்த கேட்டுக்குள்தான் இருந்தது.

சிலர் உப்பளத்துக்குப் போனார்கள். சிலர் புது ஹார்பரில் மூட்டை தூக்க வரிசையில் நின்றார்கள். நூல் நூற்கும் ரிங் பிரேமில் ஜாபராக இருந்து பத்துப் பேரை வேலை வாங்கியவன் மூட்டை தூக்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்து முடிப்பதற்குள் அந்த வரிசையும் நிரம்பிவிட்டது.

இந்த லட்சணத்தில்தான் ஐப்பசியில் கோமதிக்கு ஒரு வரன் வந்தது.

மேற்கே ஒரு மில் ஊர். பெயர் வேண்டாம். மாப்பிள்ளைக்குக் கரண்ட் ஆபீசில் லைன்மேன் வேலை. அப்பா அந்த ஊர் மில் கேட்டுக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருக்கிறார். நல்ல குடும்பம். நகைக்கும் நட்டுக்கும் வாயைத் திறக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பியிருந்தார்கள்: பெண்ணின் அப்பா நிரந்தர உத்தியோகத்தில் இருக்க வேண்டும்.

"மில்லுல ஜாபர்னு எந்தம்பி சொல்லி வச்சிருக்கான்" என்றாள் சண்முகத்தாய். "இப்பப் போயி இல்லைன்னா, வேற என்னத்தையெல்லாம் மறைச்சிருக்காவளோன்னு நெனப்பாவ."

"பின்ன?"

"ஜாபராவே இருங்க. ஒருநாத்தான."

கோமதி மட்டும் முறைத்துக்கொண்டு நின்றாள். "கல்யாணம் எனக்கா, மில்லுக்கா? அவங்க எங்கிட்ட கேட்டா நான் உள்ளதச் சொல்லிருவேன், ஆமா." மாப்பிள்ளையின் போட்டோவை அவள் இரண்டாவது தடவையும் எடுத்துப் பார்த்ததை அவள் அம்மா கவனித்துவிட்டாள். அவளுக்கும் பிடித்திருக்கிறது. அதுதான் எங்களைக் கலக்கியது. பிடிக்காமல் போயிருந்தால் உண்மையைச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருப்போம்.

ஆக, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்கள் வருவது என்றும், நான் ஷிப்ட் முடிந்து நேராக வீட்டுக்கு வருவது என்றும் ஏற்பாடு. காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, காலித் தூக்குச்சட்டியை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, மத்தியானமே வீட்டை விட்டுக் கிளம்பி தூத்துக்குடி பீச் ரோட்டில் போய் உட்கார்ந்தேன். தோணியில் சாக்கு ஏற்றுவதை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? என்னோடு வேலை பார்த்த ஒருவர் அந்த வழியாக வந்தார். காக்கியைப் பார்த்ததும் சைக்கிளிலிருந்து இறங்கிவிட்டார்.

"என்னவே, மில்லு தொறந்தாச்சா?"

"இல்லவே. பொண்ணு பாக்க வாராவ."

"அப்ப சரி" என்று ஏறிப் போய்விட்டார். அதற்கு மேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

வீட்டுக்குள் நுழையும்போது அவர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். சைக்கிள் கடைக்காரர் நாற்காலியில், பையன் பக்கத்தில், அம்மா பாயில்.

"ஷிப்ட் முடிஞ்சுதா அண்ணாச்சி?" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

"இப்பதான் முடிஞ்சுது. இன்னைக்குக் கொஞ்சம் வேலை ஜாஸ்தி" என்றேன். அந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சேர்த்தேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் இப்படித்தான், ஒன்று கேட்டால் இரண்டாகக் கொடுப்பார்கள்.

இங்கே மில்காரர்களின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ரிங் பிரேம் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் மில்லுக்குள் யாரும் தொண்டையை வீணாக்குவதில்லை. சத்தம் வராமல் வாயை மட்டும் அசைப்போம். எதிரே இருப்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். சண்முகத்தாயும் கல்யாணத்துக்கு முன் ரீலிங்கில் நூல் சுற்றியவள்தான். வெளியே வந்தால் எங்களுக்கு நேர் எதிர் வியாதி... சாதாரணமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு கத்துவோம். எங்கள் வீட்டுச் சண்டைக்கு அடுத்த தெருவிலிருந்து பஞ்சாயத்துக்கு ஆள் வந்திருக்கிறது. ஆகவே வீட்டில் ரகசியம் என்றால் உதடுதான்.

அன்றும் அடுக்களை நிலைப்படியில் நின்றுகொண்டு அவள் வாயை அசைத்தாள்.

'சொல்லிருவோம்.'

நான் தூக்குச்சட்டியைக் கீழே வைக்கிற சாக்கில் திரும்பி, 'உனக்குக் கிறுக்கா?' என்றேன்.

'மனசு கேக்கல. நல்ல மனுசங்களாத் தெரியுது.'

'நீதான ஜாபரா இருக்கச் சொன்ன?'

'இப்ப நான்தான் வேண்டாங்கேன்.'

"ரிங் பிரேம்ல எப்படி, ஆர்டர் எல்லாம் நல்லா வருதா?" என்று சைக்கிள் கடைக்காரர் கேட்டார். "ஒரு குறையும் இல்ல" என்று தெருவுக்கே கேட்கும்படி பதில் சொல்லிவிட்டு, நிலைப்படியைப் பார்த்து, 'மில்லு பூட்டுனது தெரிஞ்சா எந்திரிச்சுப் போயிருவாவ. வாய மூடு' என்றேன். சத்தமில்லாமல்தான்.

அப்போதுதான் கவனித்தேன். மாப்பிள்ளையின் அம்மா என் கண்ணைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நமக்கெல்லாம் ஒரு நினைப்பு உண்டு. நம் வீட்டு ரகசிய பாஷை நம்மோடு முடிந்துவிட்டது என்று. மில் ஊரிலிருந்து வந்திருக்கிற அம்மாள் மில்லையே பார்த்திருக்க மாட்டார் என்று எந்த மடையன் நினைப்பான்? நான் நினைத்திருந்தேன்.

கோமதி காப்பியோடு வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை வாங்கிக்கொண்டார். அவர் கணவர் எங்கள் சுவர்க் காலண்டரில் முகூர்த்த நாள் தேடிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, சண்முகத்தாயை நோக்கி வாயை அசைத்தார். எங்களைவிடச் சுத்தமான உச்சரிப்பு.

'எப்பப் பூட்டுனான்?'

நான் வாங்கிய காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தேன். எல்லாம் போச்சு என்று நினைத்தேன். கோமதியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

'ஆவணியில' என்றாள் சண்முகத்தாய். 'மன்னிச்சுக்கிடுங்க மதினி.'

'நானும் மில்லுல ரீலிங் பாத்தவதான்' என்றார் அவர். பிறகு கணவரை ஒருமுறை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். 'என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பவும் எங்கப்பாவுக்கு மில்லு பூட்டித்தான் கெடந்துச்சு. வேலைக்குப் போறதாத்தான் சொன்னோம். இவருக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.'

சண்முகத்தாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் என் பக்கம் திரும்பி, 'காப்பி ஆறுது, குடிங்க அண்ணே' என்றார். அதையும் உதட்டில்தான்.

பிறகு வாய்விட்டு, "எங்களுக்குப் பொண்ணப் புடிச்சிருக்கு" என்றார்.

சைக்கிள் கடைக்காரர் காலண்டரிலிருந்து திரும்பினார். "கொஞ்சம் இரு, இன்னும் ஒண்ணுமே பேசலையே."

"இன்னும் பேச என்ன இருக்கு? தட்ட மாத்துங்க."

மில்காரன் வீட்டில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு உதடு படிக்கத் தெரியாமல் இருக்குமா? கோமதி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். அன்று முழுக்க முறைத்துக்கொண்டிருந்தவள் மாமியாருக்கு இன்னொரு டம்ளர் காப்பி வேண்டுமா என்று கேட்டாள். என்னை யாரும் கேட்கவில்லை.

போன வாரம் கல்யாணம். சந்நிதியில் தாலி கட்டி, மண்டபத்தில் பந்தியும் முடிந்தது. என் நெஞ்சுக்குள் மட்டும் முள் கிடந்தது. பெண்ணைக் கொடுத்தாயிற்று, நாளைக்குச் சம்பந்தி மறுபடியும் தூத்துக்குடிக்கு வந்தால் கேட்டில் தொங்கும் பூட்டைப் பார்க்க மாட்டாரா? அடுத்தவர் வாயால் கேள்விப்படுவதைவிட நானே சொல்லிவிடுவது மேல். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த சம்பந்தியைக் கடற்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

"சம்பந்தி, ஒண்ணு சொல்லணும். கோவிக்கக் கூடாது."

குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். மொட்டை போட்டுக்கொண்டு குளிக்கப் போன ஒரு குடும்பமே திரும்பிப் பார்த்தது.

"மில்லு பூட்டுன விசயமா?" என்றார் அவர்.

"மதினி சொன்னாவளா?"

"அவளா? அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அன்னைக்கு ஷிப்ட் முடிஞ்சு வாரேன்னு வந்து நின்னீரே, உம்ம தலையில ஒரு பொட்டுப் பஞ்சு இல்ல. புருவத்துல இல்ல. காது மடல்ல இல்ல. மில்லு கேட்டுக்கு எதுத்தாப்புல கடை போட்டிருக்கவன்வே நான். ஷிப்ட் விட்டா ஒவ்வொருத்தனும் தலை நரைச்சவன் மாதிரித்தான் வெளியே வருவான். நீரு குளிச்சு பவுடர் போட்டுட்டு வந்து நிக்கீரு."

உண்மை. விருந்தாளிகள் வருகிறார்களே என்று அன்று காலையில் சோப்பு போட்டுக் குளித்திருந்தேன்.

"பின்ன ஏன் கேக்கல? அப்பன் உத்தியோகத்துல இருக்கணும்னு நீங்கதான சொல்லி விட்டீய?"

"அது ஊருக்குச் சொல்லுதது. அதுக்கு மேல நோண்டிக் கேட்டா நீரு இன்னொரு பொய் சொல்லணும்லா?"

கேட்டில் பூட்டைப் பார்த்த அன்றுகூட நான் அழவில்லை. இங்கே அழுதேன். அவர் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, நான் துண்டால் முகத்தைத் துடைக்கும் வரை காத்திருந்தார்.

"எங்க வீட்டுக்காரி அப்பாவும் அப்படித்தான்வே" என்றார் பிறகு. "நான் பொண்ணு பாக்கப் போனப்ப, வேலையில இருந்து வாரேன்னு வந்து உக்காந்தாரு. மீசையில எண்ணெய் தடவி மினுமினுன்னு இருந்தாரு. ஒரு இழை பஞ்சு இல்ல."

"மதினிக்கு..."

"தெரியாது. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. இத்தன வருசமா ஒரு பயம், அதனாலயே எங்கம்மையையும் நல்லாப் பாத்துக்கிட்டா. அவகிட்ட எதுவும் சொல்லிராதீரும்."

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன். பெண் பார்த்த அன்று கிளம்பும்போது அந்த அம்மாளுக்கும் இதே மாதிரி ஒரு சத்தியம், உதட்டாலேயே, ஏற்கெனவே கொடுத்திருக்கிறேன்.

அவர்கள் ஊருக்கு இந்தப் பத்திரிகை ஒரே ஒரு பிரதிதான் போகிறதாம். விசாரித்துவிட்டேன். இந்த வாரம் காலை முதல் பஸ்ஸில் நானே போய் அதை வாங்கிவிடப் போகிறேன். எனக்குத்தான் வேறு வேலை இல்லையே.