லேப் அக்கா எடுத்த மலிவுப் பிளான்

பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடம் ஊசி குத்தி ரத்தம் எடுத்தவள் லேப் அக்கா. யார் ரத்தத்தைக் கண்டும் அவள் பயந்ததில்லை. அன்று காலை கம்ப்யூட்டரில் ஒரு வெள்ளைத் திரையைக் கண்டு பயந்தாள்.

அரிய வகை ரத்தம் உள்ள நாற்பத்திமூன்று பேரின் போன் எண்கள் அவளுடைய வெப்சைட்டில்தான் இருந்தன. ஓய்வுபெற்ற பின் சொந்தச் செலவில் ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் பாஸ்வேர்டு போட்டுப் பார்த்துக்கொள்வார்கள். வெப்சைட்டுக்கு இடம் வாடகைக்குக் கொடுக்கும் ஹோஸ்டிங் கம்பெனி மூன்று பிளான் காட்டியபோது, இருப்பதிலேயே மலிவானதை எடுத்தாள். தொடர்புக்கு மெயில் கேட்டார்கள். வெப்சைட் பேரிலேயே கிடைத்த புது முகவரியைக் கொடுத்தாள். பார்க்கக் கௌரவமாக இருந்ததாம். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. அந்த மெயிலை அவள் திறப்பதுமில்லை. பணம் கட்டின வருடம் முடியப்போகிறது என்ற எச்சரிக்கையெல்லாம் அங்கேயே போய் விழுந்து கிடந்தது.

ஆஸ்பத்திரி நர்ஸ்தான் போன் செய்தாள். "அக்கா, உங்க லிஸ்ட் திறக்க மாட்டேங்குது. பிரசவத்துல ஒரு பொண்ணுக்கு ரத்தம் நிக்கல. ரெண்டு மணி நேரத்துக்குள்ள வேணும்."

கம்பெனிக்குப் போன் போட்டாள். "பணம் கட்டாம பதினாலு நாள் ஆச்சும்மா. நாளைக்கு எல்லாம் அழிஞ்சிடும். உங்க மெயிலுக்கு ஒரு ரகசிய நம்பர் அனுப்பியிருக்கோம், அதைச் சொல்லுங்க."

"அந்த மெயிலும் அதுக்குள்ளதானே தம்பி மாட்டியிருக்கு."

"அப்ப முதல்ல கட்டின ரசீது இருக்கா?"

இல்லை. நாற்பத்திமூன்று முகமும் ஞாபகம் இருந்தது, யாருக்கு எந்தக் கையில் நரம்பு சுலபமாகக் கிடைக்கும் என்பதுகூட. ஒரு எண்கூட ஞாபகமில்லை. என் கஞ்சத்தனத்துக்கு ஒரு பெண் சாகப்போகிறாள் என்று நினைத்தாள். ரசீது கேட்கிறார்கள் என்று உள்ளே பார்த்துக் கத்தினாள்.

அவள் கணவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். எந்தக் காகிதத்தையும் எறியமாட்டார். வீடா குப்பைத் தொட்டியா என்று அவள் கேட்காத நாளில்லை. அவர் பரணிலிருந்து செருப்புப் பெட்டி ஒன்றை இறக்கினார். அடியில், மடித்த காகிதம். பின்பக்கம் அவளே எழுதிய கடைச் சீட்டு: சோப்பு, விளக்குமாறு, பல்பு. முன்பக்கம் கம்பெனி ரசீது.

"டிக்கெட்டைத் தூக்கிப் போட்டவன்தான் செக்கிங்ல மாட்டுவான்" என்றார்.

அவள் கம்பெனிக்கு மறுபடி போன் போட்டு அவரிடம் நீட்டினாள். ரசீது எண்ணை அவரே படித்துச் சொன்னார். பணம் கட்டியதும் பக்கம் திறந்தது. முதல் இருவர் போனை எடுக்கவில்லை. மூன்றாமவர், "கிளம்பிட்டேன்க்கா" என்றார்.

அதன் பிறகு போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் நர்ஸ் அழைத்தாள். "பொழைச்சிட்டாக்கா. புள்ளையும் நல்லா இருக்கு." அப்போதுதான் அழுதாள்.

சாயங்காலம் தினமும் நகல் எடுத்து வைக்கும் நடுப் பிளானுக்கு மாறினாள். தொடர்புக்குக் கணவரின் போன் எண்ணைக் கொடுத்தாள். பிறகு நாற்பத்திமூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி அவரிடம் நீட்டினாள்.

"தூக்கிப் போட்டுடாதீங்க."

அவர் சிரித்தபடி வாங்கி மடித்தார். செருப்புப் பெட்டியில் ரசீதுக்குப் பக்கத்தில் வைத்தார்.