தண்ணீர் படக்கூடாது

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் ரைட்டர் வேலை. கப்பலிலிருந்து தோணியில் வந்திறங்கும் சரக்கைச் சரிபார்த்து, ஷெட்டில் அடுக்கவைத்து, லாரி ஏற்றி அனுப்புவதுதான் என் வேலை. நிரந்தரமாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த இரண்டு மாதத்தில் எனக்கு வந்த தலைக்கனத்துக்கு அளவே இல்லை.

ஐப்பசியில் ஒரு கப்பலில் இரண்டு வகை இரும்பு டிரம்கள் வந்தன. ஒன்று கார்பைடு, இன்னொன்று காஸ்டிக் சோடா. இரண்டும் ஒரே உயரம், ஒரே சாம்பல் நிறம். மேலே அச்சடித்திருந்த எழுத்தெல்லாம் உப்புத் துருவில் உரிந்துபோயிருந்தது. அதனால் எச்சரிக்கைச் சீட்டுகளைப் புதிதாக ஒட்டச் சொல்லி ஆபீஸிலிருந்து ஒரு கட்டு வந்தது. கார்பைடுக்கு நீலச் சீட்டு, நடுவில் நெருப்புப் படம். காஸ்டிக்குக்குக் கறுப்பு வெள்ளைச் சீட்டு, ஒரு கையின் மேல் சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்து கையை அரிக்கிற படம். எழுத்து மட்டும் இங்கிலீஷ். சுமக்கிறவனுக்கு இங்கிலீஷ் எங்கே தெரியும்? நானே மையைத் தொட்டு ஒவ்வொன்றின் கீழும் தமிழில் எழுதினேன். நீலத்தில், ‘தண்ணீர் படக்கூடாது.’ கறுப்பில், ‘மேலே பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவு.’ யாரும் சொல்லாமல் நானாகச் செய்தது. அதில் எனக்கு அவ்வளவு பெருமை.

சுமை ஆட்களில் ஒருவர் சங்கு குளிக்கிறவர். முப்பத்தைந்து வயதிருக்கும். கடல் கலங்கிக் கிடக்கும் மாதங்களில் ஷெட்டுக்கு மூட்டை தூக்க வருவார். கடல் தெளிந்ததும் போய்விடுவார். எட்டுப் பாகம், ஏறத்தாழ ஐம்பது அடி ஆழத்தில், மணலில் சங்கு ஊர்ந்துபோன தடத்தைப் பார்த்தே அதைப் பிடிப்பாராம். “கையி காலு எல்லாருக்கும் இருக்குவே. எனக்குக் கண்ணுதான் சோறு போடுது” என்பார். இன்னும் மூன்று வாரத்தில் சங்குக் குளி தொடங்குவதாக இருந்தது. என் சீட்டுகளை அவர் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, “ரைட்டரே, நல்ல காரியம் பண்ணியிருக்கிய. இனிமே எங்களுக்கும் தெரியும்லா” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சீட்டை ஒட்டியது மைதாப் பசையில். சினிமா போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், ஆடுமாடு வாய் வைக்காமலிருக்க. எனக்கும் தெரியும். கடைக்குப் போகச் சோம்பல், கலக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஷெட் முற்றத்தில், தோணியிலிருந்து தனித்தனியாக இறங்கியபடியே கார்பைடைச் சுவர்ப் பக்கமும் காஸ்டிக்கை வாசல் பக்கமும் நிறுத்தி, சீட்டை ஒட்டிக் காயவிட்டு வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஒரு டிரம்மிலும் சீட்டு இல்லை! கடற்கரைத் தெரு ஆடுகள் மொத்தத்தையும் தின்று தீர்த்திருந்தன. போதாததற்கு, ஞாயிற்றுக்கிழமை மழை இருட்டிக்கொண்டு வர, காவல்காரர் ஆள் பிடித்து டிரம்களை எல்லாம் ஷெட்டுக்குள் உருட்டிவிட்டிருந்தார்.

“எது எதுன்னு பாத்து வச்சியளா அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“சொவரு பக்கம் கெடந்தத சொவரு பக்கந்தான் வச்சோம். எல்லாம் சரியாத்தான் இருக்கும்” என்றார்.

‘இருக்கும்’ என்றால் என்ன அர்த்தம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்திருக்க வேண்டும். அதற்கு மேனேஜரின் அனுமதி வேண்டும். மேனேஜரிடம் போனால் ஆட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். சொன்னால் அன்றோடு என் சீட்டைக் கிழித்துவிடுவார். ஆபீஸ் அனுப்பிய கட்டுக்குள் மிச்சச் சீட்டுகள் இருந்தன. சுவர்ப் பக்கத்துக்கு நீலம், வாசல் பக்கத்துக்குக் கறுப்பு என்று மளமளவென்று ஒட்டினேன். இந்தத் தடவை துத்தம் கலந்து ஒட்டினேன், பெரிய கெட்டிக்காரன்!

வியாழக்கிழமை லாரி வந்தது. பலகைச் சரிவில் டிரம்மை மேலே உருட்டும்போது கீழே நின்று தாங்கியவர் சங்கு குளிக்கிறவர். டிரம்மின் துருப்பிடித்த தையல் பிளந்தது. உள்ளிருந்த வெள்ளைச் செதில் அப்படியே அவர் முகத்தில் கொட்டியது.

“யம்மா! மாதாவே!” என்று அலறிக்கொண்டு அவர் கடலைப் பார்த்து ஓடினார். படித்துறை பத்து எட்டு வைக்கிற தூரம்தான். அந்த மனுஷருக்கு வேறெங்கே ஓடத் தெரியும்? நான் டிரம்மைப் பார்த்தேன். நீலச் சீட்டு. கார்பைடில் தண்ணீர் சொட்டினால் வாயு கிளம்பிப் பற்றி எரியும், எல்லோரும் திருவிழாக் கடை விளக்குகளில் பார்த்ததுதானே.

“தண்ணி படக்கூடாது! பிடிங்கலே!” என்று கத்தியபடி நானே பாய்ந்து அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். பிறகு இரண்டு பேர் வந்து கையைப் பிடித்தார்கள். “தண்ணிக்குள்ள விடுங்கய்யா” என்று அவர் திமிறினார். யாரோ துண்டால் முகத்தைத் துடைத்தார்கள்.

அவரைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று உறைத்தது. கார்பைடு நாற்றம் அடிக்கவில்லை. வியர்வை பட்டாலே குப்பென்று அடிக்கிற நாற்றம் அது. அவரோ வியர்வையில் குளித்திருந்தார். கொட்டியதும் கார்பைடு மாதிரிக் கல்லாக இல்லை, செதில்; ஒருவேளை இது காஸ்டிக்கோ? ஆனால் என் கை விடவில்லை. விட்டால் சீட்டு தப்பு என்று ஆகும், சீட்டு தப்பென்றால் ஒட்டியவன் யார் என்று ஆகும். இதை நான் அப்போது யோசித்தேனா, பிறகு யோசித்தேனா என்று சத்தியமாகச் சொல்லத் தெரியவில்லை. விடவில்லை என்பது மட்டும் தெரியும்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் அந்தத் துண்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். “சோப்பு மாதிரி வழுக்குது. இது காஸ்டிக்யா. உடனே ஏன் தண்ணி ஊத்தல?” என்று எரிந்து விழுந்தார்.  நான் வராந்தாவுக்கு நழுவினேன். உள்ளே படுத்திருந்தவர் காதில் அது விழவில்லை.

கடல் தெளிந்தது. தோணிகள் சங்குக் குளிக்குப் போய்வந்தன. அவருக்கு இரண்டு கண்ணும் பால்போல வெளுத்துவிட்டிருந்தன. ஒரு நாள் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார். என் குரல் கேட்டதும் கும்பிட்டார்.

“ஏளா, இவருதான் நான் சொன்ன ரைட்டரு. நான் புத்தி கெட்டு தண்ணிய பாத்து ஓடுதேன், இவருதான் கட்டிப் பிடிச்சாரு. இல்லன்னா வெந்து செத்திருப்பேன்” என்று மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாளும் கும்பிட்டார்.

அதை என்னால் தாங்க முடியவில்லை. “அது கார்பைடு இல்ல அண்ணாச்சி. காஸ்டிக்கு. சீட்ட மாத்தி ஒட்டுனது நான்தான். தண்ணில முங்கியிருந்தா கண்ணு பொழைச்சிருக்கும்” என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவர் கும்பிட்ட கையை இறக்கினார். பிறகு, “என்னய பிடிக்கும்போது ஒமக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

“சந்தேகம் வந்திச்சு.”

“அப்பவாவது விட்டிருக்கலாமேவே” என்றார்.