புது ஜிப்

செங்கம் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, அந்தப் பழந்துணிக் கடைக்குள் நுழைகிறேன். போன மாதம் இறந்துபோன என் மகனின் சாமான்களை, அறை வாடகைக்கு விட்டவர் இங்கேதான் போட்டாராம்.

“ஜாக்கெட் வேணும்” என்கிறேன். கடைக்கார பாய் ரவிக்கைக் கட்டை எடுத்துப் போடுகிறார்.

“இது இல்ல பாய். அந்தக் காலத்துல பிளேன் ஓட்டறவங்க போட்ட கோட்டு. என் மகன் தேடித்தேடிச் சேத்து வச்சிருந்தான்.”

“அதுங்களா? வெள்ளைக்காரர் ஒருத்தர் எல்லாத்தையும் அள்ளிக்கினு போயிட்டாரும்மா. இந்த நீலக் கோட்டை மட்டும் வேணான்னுட்டார்.”

“ஏன், டூப்ளிகேட்டா?”

“அசல்தான். ஜிப்பைப் பாத்துதான் எந்தக் காலத்துதுன்னு சொல்லுவாங்களாம். பழைய ஜிப்பை எவனோ பிரிச்சிப் போட்டுட்டு புதுசு வச்சிப் பாழாக்கிட்டான்னார். ஆனா தையல் நேர்த்திம்மா.”

விரலால் தடவிப் பார்க்கிறேன். என் தையல்தான். சிக்கிக்கொண்டிருந்த ஜிப்பை, அவன் என்னோடு இருந்த காலத்தில், வெளியூர் போயிருந்தபோது மாற்றி வைத்தேன். திரும்பி வந்தவன் கோட்டை எடுத்து, புது ஜிப்பை விரலால் தடவிப் பார்த்தான்.

“புதுசு மாதிரியே ஆயிடுச்சிம்மா” என்றான்.

அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.